கரைக்கு வாங்க

“அந்தக் குவியல்லேர்ந்து ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்கக் கூடாதுக்கா,” என்றாள் ஹெலன்.

மெஹர்னிசா தலையில் கிடந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே பார்த்தாள். இரண்டு மழைக்காலம் கண்ட செம்மண் குவியல். மேலே எருக்கஞ்செடிகூட முளைத்துவிட்டது. அதற்கு அடியில் காலனியின் முதல் வரிசையில் நாலு வீடுகள் புதைந்திருந்தன. இறந்தவர்களில் மூன்று பேரை அப்போதே எடுத்து அடக்கம் செய்தாகிவிட்டது. ராஜவேலு மட்டும் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

“எடுக்காம எப்படி மேடம்? நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“யார் குடுத்திருந்தாலும் முடியாது. மேல நிக்கிற மேட்டுக்கு இந்தக் குவியல்தான் இப்ப முட்டு. பீரோ சாயும்போது அடியில கட்டை குடுக்கறோம் பாருங்க, அந்த மாதிரி. கட்டையை உருவினா பீரோ நம்ம மேல வரும். இதை இப்படியே வெச்சு, முன்னாடி கருங்கல் சுவர் கட்டணும். மேல தண்ணி வடிய வாய்க்கால் வெட்டணும். மழைக்கு முன்னாடி முடிக்கணும்.”

ஹெலன் சென்னையிலிருந்து வரும் இன்ஜினியர். கோர்ட் அனுப்பியவள். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

மெஹர்னிசா அங்கேயே நின்றாள்.

தேர்வாய் கண்டிகைக்குப் போகிற ரோட்டில் வலது பக்கம் தெரிவதுதான் செம்மேடு. அதன் சரிவில் வரிசை வரிசையாகக் காலனி. பழவேற்காட்டுப் பக்கம் பிழைப்புக் குறைந்து, ஃபாக்டரி வேலையை நம்பி வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஒரு கம்பெனி, தன் மனையை உயர்த்திக்கொள்ள, காலனிக்கு மேலே மேட்டின் இடுப்பை வெட்டி லாரி லாரியாக மண் எடுத்தது. வெட்டிய பள்ளத்தில் புயல் மழை குளம்போல நின்றது. மறுநாள் காலை மேடு சரிந்து வீடுகள்மேல் இறங்கியது. நைட் ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் படுத்திருந்தான் ராஜவேலு. அவன் மனைவி குப்பாயி மீன் எடுக்கப் பழவேற்காட்டுக் குப்பத்துக்குப் போயிருந்ததால் பிழைத்தாள்.

மழை விடவில்லை. தேட வந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அப்புறம் கேஸ். தீர்ப்பு வரும்வரை இடத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கடைசியில் கம்பெனி பணம் தருவதாகச் சமரசத்துக்கு இறங்கிவந்தது. மேட்டைச் சரிசெய்யவே அந்தப் பணம், காலனிக்காரர்களே குழு வைத்து வேலையை நடத்த வேண்டும் என்றது கோர்ட். ஒரே நிபந்தனை, பாதிக்கப்பட்ட எல்லாக் குடும்பமும் சம்மதிக்க வேண்டும்.

எல்லோரும் சம்மதித்தார்கள். குப்பாயி மட்டும் மாட்டேன் என்றாள்.

குழுவுக்குத் தலைவி மெஹர்னிசா. கணவர் ஹனீபுக்குக் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹார்டுவேர் கடை. சிமென்ட்டும் ஜல்லியும் லாரிக்காரர்களும் அவளுக்குப் பழக்கம். சத்தம் போடாமல் காரியம் முடிக்கத் தெரிந்தவள் என்றுதான் அவளைப் போட்டார்கள். அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் அவள் குப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீ ஒத்துக்கோக்கா. முதல் வேலையா ராஜவேலு அண்ணனை எடுத்து உன் கையில குடுக்கறேன். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.”

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குப்பாயி சம்மதித்தாள்.

*

குப்பாயி காலனி முனையில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். கழுத்தில் தாலி. உடம்பைப் பார்க்காமல் தாலியை இறக்க மாட்டேன் என்று உற்றார் உறவினரிடம் சொல்லிவிட்டாள். கருமாதியும் நடக்கவில்லை.

“இன்னா மெகரு, மூஞ்சி செத்த மீனு மாதிரி கீது?”

“வேலை திங்கட்கிழமை ஆரம்பிக்குதுக்கா.”

அரிவாள்மனையில் கை நின்றது. “எந்தப் பக்கத்துலேர்ந்து தோண்டுறாங்க?”

“முதல்ல மேல வாய்க்கால் வெட்டறாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் சுவர்.”

“நான் சுவத்தைக் கேக்கலியே.”

வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் மெஹர்னிசாவுக்கு மறந்துபோயின. மண்ணை எடுத்தால் மேடு மறுபடி இறங்கும் என்று ஹெலன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். குப்பாயி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டுவிட்டு மீனின் தலையைத் தனியே எடுத்துவைத்தாள்.

“கடல்ல போயிருந்தா மூணாம் நாள் கரையில ஒதுங்கியிருப்பாரு. எடுத்ததைத் திருப்பிக் குடுக்கும் கடலு. இந்த மண்ணுதான் குடுக்காது. குடுக்காததை நீ வாங்கித் தருவேன்னு நெனச்சேன். நீயும் மண்ணோட சேர்ந்துக்கினே.”

“அப்படி இல்லக்கா.”

“உன் ஊடு ரெண்டாவது வரிசையிலதானே கீது?”

“ஆமா.”

“அதான்.”

மெஹர்னிசாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போலிருந்தது. எழுந்தாள்.

“கொஞ்சம் இறால் எடுத்துக்கினு போ,” என்றாள் குப்பாயி, தலை நிமிராமல். “டப்பு வேணாம். வாக்குக் குடுத்தவளாச்சே. சும்மா அனுப்பக் கூடாது.”

வீட்டுக்கு வந்து மெஹர்னிசா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். “நான் வேணா போய்ப் பேசிப் பார்க்கவா?” என்றார் ஹனீப்.

“இப்ப என்னை மட்டும்தான் திட்டறா. நீங்களும் போனா ஊட்டையே சேர்த்துத் திட்டுவா.”

“உன் ஊடுன்னு சொல்லிக் காட்டினாளாமே.”

“சொன்னா. அதுல பாதி நெசம்தானே?”

ஹனீப் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேடு இறங்கினால் முதலில் வருவது இவர்கள் வீட்டு அடுப்படிக்குத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா வேளையில் மூன்று மினி வேன்கள் வந்து நின்றன. மீன் பெட்டி ஏற்றும் வேன்கள். அதிலிருந்து மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆண்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மெஹர்னிசா பார்த்த மாத்திரத்திலேயே புரிந்துகொண்டாள். குப்பமே தேட வந்திருக்கிறது.

அவள் பழவேற்காட்டில் பிறந்தவள். அவள் வாப்பா குப்பத்து மீனை மொத்தமாக வாங்கி விற்றவர். கடலில் ஓர் ஆள் காணாமல் போனால் அந்தக் குப்பத்தில் ஒரு படகும் மீனுக்குப் போகாது. எல்லாப் படகும் தேடத்தான் போகும். எத்தனை நாளானாலும் போகும். போலீஸ் சொன்னாலும், ஊர்த் தலைவரே சொன்னாலும் திரும்பாது. போனவனின் மனைவி ஒரு குடம் நல்ல தண்ணீரோடு கரைக்கு வந்து, அலையில் ஊற்றி, “கரைக்கு வாங்க” என்று கூப்பிட்டால்தான் படகுகள் திரும்பும். அவள் கூப்பிட்ட நிமிஷத்திலிருந்துதான் அவன் செத்தவன். சின்ன வயதில் மெஹர்னிசா ஒரு முறை அதைப் பார்த்திருக்கிறாள். அன்று மீன் வாங்கப் போன வாப்பா வெறுங்கையோடு திரும்பினார்.

முன்னால் வந்தவர் பச்சையப்பன். ராஜவேலுவின் அண்ணன், குப்பத்துத் தலைவர்.

“இன்னா தங்கச்சி, மிஷினு சும்மா நிக்குது? ஓட்டற புள்ளய கூப்பிடு. எங்களுக்கு முதுகு மிச்சமாவும்.”

நாளைய வேலைக்கென்று வந்து நின்ற ஜேசிபியை ஓட்டும் மதன் பொதட்டூர்பேட்டைக்காரன். அவன் சாவியைக் கொண்டுவந்து மெஹர்னிசாவின் கையில் திணித்தான். “நீங்களே வெச்சிக்கோங்க மேடம். என்கிட்ட இருந்தா இவங்க என்னையும் சேர்த்துத் தூக்கிக்கினு போய் மிஷின்ல உக்கார வெச்சிருவாங்க.”

“அண்ணே, மேடு இறங்கும்ணே. இன்ஜினியர் சொல்லியிருக்காங்க,” என்றாள் மெஹர்னிசா பச்சையப்பனிடம்.

“எங்களுக்கும் கடலு பெருசா கீதுன்னு டிவியில தினமும் சொல்றாங்க. நாங்க போறமா இல்லியா?”

சிலர் சிரித்தார்கள். பச்சையப்பன் சிரிக்கவில்லை. தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குவியலின் அடியில் முதல் வெட்டு வெட்டினார். மற்றவர்கள் அவர் பக்கத்தில் வரிசை பிடித்தார்கள். வலை இழுக்கிற மாதிரி ஒரே தாளம். ஒருவன் வெட்ட, ஒருவன் வாங்க, கூடை கை மாறிப் போனது.

குப்பாயி ஓரமாக நின்றாள். கையில் மடிப்புக் கலையாத புது வேட்டி. அதை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

மெஹர்னிசா ஹெலனுக்கு போன் போட்டாள். “உடனே நிறுத்துங்க. மேல வெடிப்பைப் பாருங்க. நான் கிளம்பி வர்றேன், ஆனா ரெண்டு மணி நேரமாவது ஆகும்,” என்றாள் ஹெலன்.

மேட்டின் உச்சியில் பிறை வடிவத்தில் ஒரு பழைய வெடிப்பு உண்டு. அதன் குறுக்கே ஹெலன் அங்கங்கே சிமென்ட் பட்டைகள் பூசியிருந்தாள். மேடு நகர்ந்தால் முதலில் பட்டை உடையும், நம் கண்ணுக்குத் தெரியும் என்று காட்டியிருந்தாள். மெஹர்னிசா மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பார்த்தாள். நேற்று மாலை பார்த்தபோது எல்லாப் பட்டைகளும் முழுசாக இருந்தன. இப்போது நடுவில் இருந்த பட்டையில் முடிபோல ஒரு கீறல் ஓடியிருந்தது.

இறங்கி வந்து பச்சையப்பனிடம் சொன்னாள். அவரும் ஏறி வந்து குனிந்து பார்த்தார்.

“இதுக்கா இவ்ளோ பேஜாரு? எங்க ஊட்டு செவுத்துல இதவிடப் பெரிய கீறல் கீது. அதுக்கடியிலதான் என் பொண்டாட்டி தூங்கறா.”

“விளையாட்டு இல்லண்ணே.”

“நானும் விளையாட வரல. என் தம்பி உள்ள கீறான். நீ எடுத்துக் குடுக்கறேன்னு சொன்னே, குடுக்கல. நாங்க எடுத்துக்கறோம். அதுக்கும் நீயே குறுக்க வந்தா எப்படி?”

அவர் இறங்கிப் போய்விட்டார். கீழே ஹனீப் வந்து நின்றிருந்தார். “போலீசைக் கூப்பிட்டுரலாம் மெகரு.”

“வேணாம். போலீஸ் வந்தா இவங்க மண்வெட்டியை இன்னும் இறுக்கிப் புடிப்பாங்க. அவங்க சொல்லியா நிறுத்தப் போறாங்க?”

“பின்ன யார் சொன்னா நிறுத்துவாங்க?”

அவள் ஓரத்தில் வேட்டியோடு நின்றவளைப் பார்த்தாள்.

*

“அக்கா, மேல வா.”

“நான் எங்கயும் வரல.”

“நான் வாக்குத் தப்பினவ. ஒத்துக்கறேன். ஊட்டைக் காப்பாத்திக்கத்தான் சொல்றேன்னு நீ நெனச்சா, அதுவும் இருக்கட்டும். ஒரே ஒரு தடவை மேல வந்து பாரு. பார்த்துட்டு நீ இன்னா சொன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

குப்பாயி வெட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேட்டியை அணைத்தபடியே ஏறத் தொடங்கினாள். சரளைக்கல் சறுக்கிய இடத்தில் மெஹர்னிசா கை கொடுத்தாள். குப்பாயி அதைப் பிடிக்கவில்லை. ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

மேலே வந்ததும் மெஹர்னிசா பட்டையைக் காட்டினாள். கீறல் இப்போது நகம் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. குப்பாயி விரலை வைத்துப் பார்த்தாள். அது மேடு நகர்ந்த கீறலா, வெயிலில் விட்ட கீறலா, அவளுக்கு எப்படித் தெரியும்?

“கீழ பாருக்கா,” என்றாள் மெஹர்னிசா.

அங்கிருந்து பார்த்தால் கீழே இருந்தவர்களின் முதுகுகள் மட்டும் தெரிந்தன. நேர் கீழே. குனிவதும் நிமிர்வதுமாக ஒரு வரிசை முதுகுகள். வெட்டு ஒரு ஆள் உயரத்துக்கு உள்ளே போயிருந்தது.

வெகுநேரம் குப்பாயி அந்த முதுகுகளையே பார்த்தாள்.

“அந்தச் செவப்பு பனியன் என் தங்கச்சி புருசன்,” என்றாள். “தையிலதான் புள்ள பொறந்துச்சு.”

மெஹர்னிசா அவள் காட்டிய பக்கம் பார்த்தாள்.

“பக்கத்துல கீறவன் இவரு கூடப் படிச்சவன். கல்யாணத்துல எங்களுக்குக் கொடை புடிச்சான். ஒருத்தனும் இன்னிக்கு வலை எடுக்கல. எனக்காக வந்துக்கினு கீறானுங்க.”

காற்று அடித்தது. வேட்டியின் நுனி படபடத்தது. அவள் அதை மடித்துச் செருகினாள்.

“இந்த மேடு எறங்குமா மெகரு? நெசமாச் சொல்லு.”

பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். மெஹர்னிசா ஒரு தடவை சுலபமாக வாக்குக் கொடுத்து அகப்பட்டவள்.

“தெரியாதுக்கா. எறங்கலாம். எறங்காமலும் போகலாம். எறங்கினா அவங்க ஓடறதுக்கு நேரம் இருக்காது. அது மட்டும் தெரியும்.”

குப்பாயி தலையாட்டினாள். இறங்கும்போது அவளே மெஹர்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் சொன்னாள்: “உங்க ஊட்டுலேர்ந்து ஒரு கொடம் தண்ணி கொண்டா. குடிக்கிற தண்ணி.”

மெஹர்னிசாவின் கால் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடினாள்.

அவள் குடத்தோடு வந்தபோது குப்பாயி குவியலுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதலில் பார்த்தது சிவப்பு பனியன்காரன்தான். அவன் கையில் இருந்த கூடை அப்படியே நின்றது. அவனைப் பார்த்து அடுத்தவன். ஒவ்வொருவராகத் தாளம் விட்டுப்போய், பச்சையப்பனின் மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அவரும் திரும்பினார்.

“குப்பாயி, வேணாம்மா,” என்றார். “இன்னும் கொஞ்சம்தான். ஓடு கண்ணுக்குத் தெரியுது. ஊட்டுக் கிட்ட வந்துட்டோம்.”

“தெரியுது மாமா.”

அவள் குடத்தைச் சரித்தாள். கடலாக இருந்தால் அலை வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கும். செம்மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டு, குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“கரைக்கு வாங்க,” என்றாள்.

உரத்துக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மண்வெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக வெட்டிலிருந்து வெளியே வந்தார்கள். பச்சையப்பன் கடைசியாக வந்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டார். குப்பாயி புது வேட்டியை ஈர மண்மேல் விரித்தாள். அவளே இரண்டு கையாலும் மண் அள்ளி அதை மூடினாள். உதவிக்கு வந்த யாரையும் தொட விடவில்லை.

மெஹர்னிசா தள்ளியே நின்றாள். அவள் கொடுத்த வாக்கும் அந்த வேட்டியோடு மண்ணுக்குள் போனது.

*

மேடு அன்றைக்கு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஹெலன் வந்ததும் மதன் மிஷினை எடுத்து, வெட்டின இடத்தைக் கருங்கல் போட்டு அடைத்தான். அதனால்தான் நின்றது என்றாள் ஹெலன். குப்பத்தில் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். பாய் வீட்டுப் பெண் ஒரு கீறலைக் காட்டி ஏமாற்றிவிட்டாள், இன்னும் அரை நாள் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருப்பான் என்றார்கள். ராஜவேலுவுக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் கருமாதி நடந்தது. மெஹர்னிசாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவளாகப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு குப்பாயி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் என்றும் சொல்ல முடியாது. மெஹர்னிசா தார்ப்பாய் ஓரம் வந்து நின்றால், கேட்ட மீனை வெட்டிக் கொடுப்பாள். நெற்றி வெறுமையாக இருக்கும். கண் மீன்மேலேயே இருக்கும்.

வேலை நடந்தது. மேலே வாய்க்கால் வெட்டியானது. குவியலுக்கு முன்னால் சுவர் எழும்பியது. ராஜவேலு இருக்கிற இடத்துக்கு நேராக யாரும் குச்சி நடவில்லை, பெயர் எழுதவில்லை. கொத்தனார்கள் மட்டும் அந்த இடத்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

சுவரில் வரிசையாக ஓட்டை விட்டிருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்துவிட வேண்டும், அடைந்தால் சுவர் தாங்காது என்று ஹெலன் குழுவிடம் சொன்னாள். அன்றைக்குக் கூட்டத்தில் குப்பாயியும் பின்னால் நின்றிருந்தாள். “உள்ள கீற தண்ணி அப்படியே வெளிய வருமா?” என்று கேட்டாள். வரும் என்றாள் ஹெலன். அவ்வளவுதான் கேட்டாள்.

முதல் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. காலனியில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். மெஹர்னிசா போகவில்லை. காலையில் குடையோடு சுவரைப் பார்க்கப் போனாள்.

அவளுக்கு முன்னால் குப்பாயி அங்கே இருந்தாள். பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் உள்ளங்கையை ஏந்தி, விழும் தண்ணீரைப் பார்த்தாள். செம்மண் நிறத்தில் வந்தது. பார்த்துவிட்டுக் கையை உதறி, அடுத்த ஓட்டைக்குப் போனாள். கொத்தனார்கள் செருப்பைக் கழற்றி வைத்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். குச்சியை உள்ளே விட்டுக் குத்தினாள். மறுபடி கையை ஏந்தினாள். வெகுநேரம் ஏந்திக்கொண்டே நின்றாள்.

அவள் எதைத் தேடுகிறாள் என்று மெஹர்னிசா கேட்கவில்லை. கிட்டே போகவும் இல்லை. குடைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.

குப்பாயி திரும்பினாள். அவளைப் பார்த்தாள்.

“மெகரு,” என்றாள். இத்தனை நாளில் முதல் தடவையாக.

“சொல்லுக்கா.”

“இந்த ஓட்டையில தண்ணி வரல. அடைச்சிக்கினு கீது. ஆளை அனுப்பு.”

“இதோ அனுப்பறேன்.”

“நீளமா கம்பி கொண்டாரச் சொல்லு,” என்றாள் குப்பாயி. “மெதுவாக் குத்தச் சொல்லு.”

சொல்லிவிட்டு அடுத்த ஓட்டைக்கு நடந்தாள்.